ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எங்கே வரும், எங்கே வரக் கூடாது?

நெய்தல்:
எல்லோருக்கும் வணக்கம். ஏழெட்டுப் பேர் தனித்தனியாக எழுதித் தரும் ஆங்கில அறிக்கைகளைச் சேர்த்து ஒரே ஆவணமாக்குவது என் வேலை. எழுத்துப்பிழையைக் கணினியே ஓரளவு பார்த்துக்கொள்கிறது. தீராத தலைவலி கேபிடல் லெட்டர்தான். ஒருவர் மேனேஜர் என்ற சொல் எங்கே வந்தாலும் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுகிறார். இன்னொருவர் டேட்டா, ப்ராஜெக்ட், டீம், கஸ்டமர் என்று கண்ணில் படுகிற எல்லாச் சொல்லுக்கும் போடுகிறார். மூன்றாமவர் கிழமைப் பெயரைக்கூடச் சின்ன எழுத்தில் எழுதுகிறார்.

வாக்கியத்தின் தொடக்கம், ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம், இதெல்லாம் தெரியும். நான் கேட்பது அதற்கு அப்புறம் வரும் இடங்களை: பதவி, துறை, திசை, பாடம், தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி விதியை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா, இல்லை பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கிறதா?

மெய்ப்பு:
இருக்கிறது. பல வருஷமாக மெய்ப்பு பார்க்கிறேன். சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது ஒன்றே ஒன்றின் பெயரா, அல்லது அந்த வகையில் எதற்கும் பொருந்தும் சொல்லா? பெயர் என்றால் பெரிய எழுத்து. வகை என்றால் சின்ன எழுத்து.

ரிவர் என்பது வகை, சின்ன ஆர். அமேசான் ரிவர் என்று சேர்த்து எழுதினால் அது ஒரு குறிப்பிட்ட ஆற்றின் பெயர், இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. அடுத்த வாக்கியத்தில் த ரிவர் என்று மட்டும் எழுதினால் மறுபடி சின்ன ஆர். அதே அமேசானைத்தான் சொல்கிறோம், ஆனாலும் அங்கே பெயரைச் சொல்லவில்லை. யூனிவர்சிட்டி, கமிட்டி, டிபார்ட்மென்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பதவிக்கு வாருங்கள். பிரசிடென்ட் லிங்கன் என்று பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் அது பெயரின் பகுதி, பெரிய பி. ஆபிரகாம் லிங்கன், அப்புறம் ஒரு காற்புள்ளி, அப்புறம் த பிரசிடென்ட் என்று வந்தால் அது அவர் பார்த்த வேலை, சின்ன பி. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடும், நூல் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடும் இதையே சொல்கின்றன. உங்கள் மேனேஜருக்கும் இதுதான். அவர் பெயருக்கு முன்னால் பட்டமாக வராதவரை சின்ன எம்.

முக்கியமான ஒன்றைச் சேர்க்கிறேன். நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் அளவுக்கு மீறிப் பெரிய எழுத்து வரக் காரணம் அறியாமை இல்லை, மரியாதை. தமிழில் ஒருவரை மதித்துப் பேச ஆர் விகுதி இருக்கிறது, அவர்கள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லாததால், அந்த மரியாதையைப் பெரிய எழுத்தில் காட்டப் பார்க்கிறோம். தலைவர், மேலாளர், ஆசிரியர் எல்லோருக்கும் கேபிடல். ஆனால் ஆங்கில வாசகருக்கு அந்த எழுத்து மரியாதையைச் சொல்வதில்லை, "இது பெயர்" என்று மட்டும்தான் சொல்கிறது. த மேனேஜர் என்று சின்ன எழுத்தில் எழுதினால் யாருக்கும் அவமரியாதை இல்லை. இதை உங்கள் குழுவுக்குச் சொல்லிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வழிப்போக்கன்:
மெய்ப்பு சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அரசு ஆவணங்கள், நிறுவனங்களின் ஆண்டறிக்கை எதை எடுத்தாலும் த கவர்ன்மென்ட், த போர்டு, த சேர்மன் என்று பெரிய எழுத்தாகத்தான் இருக்கிறது. அவர்களெல்லாம் தவறாகவா எழுதுகிறார்கள்?

மெய்ப்பு:
தவறில்லை நண்பரே. அது அந்த நிறுவனம் தனக்குள் வைத்துக்கொண்ட நடை. தன் போர்டைப் பற்றி மட்டுமே பேசும் ஆவணத்தில் த போர்டு என்றால் ஒன்றே ஒன்றுதான். அதனால் சுருக்கிய பெயராகவே அதை நடத்துகிறார்கள். அதே செய்தியை ஒரு பத்திரிகை எழுதும்போது சின்ன எழுத்தாகிவிடும், ஏனென்றால் பத்திரிகைக்கு உலகத்தில் ஆயிரம் போர்டுகள். இரண்டும் சரி. ஒரே ஆவணத்துக்குள் மூன்றாம் பக்கத்தில் பெரிதும் ஏழாம் பக்கத்தில் சிறிதுமாக வருவதுதான் தவறு.

சட்டநோக்கு:
ஒப்பந்தங்களில் இது வெறும் நடை விஷயம் இல்லை, பொருளே மாறும். முதல் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் முழுப் பெயரை எழுதி, "இனி த கம்பெனி எனப்படும்" என்று பெரிய சி-யோடு வரையறுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆவணம் முழுக்கப் பெரிய சி வந்தால் அந்த நிறுவனம் மட்டும். நடுவில் ஒரு பிரிவில் சின்ன சி வந்துவிட்டால், இது வரையறுத்த நிறுவனமா அல்லது ஏதோ ஒரு நிறுவனமா என்று எதிர்த்தரப்பு கேட்க வழி பிறக்கும். அக்ரிமென்ட், சர்வீசஸ், எஃபெக்டிவ் டேட் எல்லாம் இப்படித்தான்.

ஒப்பந்தம் படித்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் சாதாரண அறிக்கையையும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். வரையறையே இல்லாத இடத்தில் சர்வீசஸ் என்று பெரிய எழுத்தில் எழுதினால், படிப்பவர் இல்லாத வரையறையைத் தேடுவார்.

நெய்தல்:
ரொம்ப நன்றி. மரியாதை பற்றிச் சொன்னது எங்கள் குழுவுக்கு அப்படியே பொருந்துகிறது. அடுத்து திசை, பருவம், பாடம், அம்மா அப்பா. இவற்றுக்கும் அதே கேள்வியைக் கேட்டால் விடை வருமா?

வகுப்பறை:
பெரும்பாலும் வரும். நான் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பவள், வரிசையாகச் சொல்கிறேன்.

நார்த் என்று திசையைச் சொன்னால் சின்ன எழுத்து: வடக்கே நட, காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. ஒரு நிலப்பகுதியின் பெயராக நின்றால் பெரிய எழுத்து: நார்த் கொரியா, மிடில் ஈஸ்ட். பருவங்கள் எல்லாமே சின்ன எழுத்து. கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து, வின்டருக்கும் சம்மருக்கும் மட்டும் ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மரபு அப்படி அமைந்துவிட்டது என்பதைத் தவிர நல்ல விடை கிடையாது, அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாடங்களில் மேத்ஸ், பயாலஜி, ஹிஸ்டரி சின்ன எழுத்து. மொழிகள் மட்டும் எப்போதும் பெரிய எழுத்து, ஏனென்றால் அவை பெயரிலிருந்து வந்தவை: இங்கிலிஷ், பிரெஞ்ச், தமிழ். ஆகவே "எனக்கு ஹிஸ்டரியும் இங்கிலிஷும் பிடிக்கும்" என்ற வாக்கியத்தில் முன்னது சிறிது, பின்னது பெரிது. நாட்டினப் பெயர்களும் அப்படியே.

மதர், ஃபாதர் அழகான கேஸ். மை மதர் என்றால் சின்ன எழுத்து, அது உறவு. "மாம், இங்கே வா" என்றோ "மாமைக் கேள்" என்றோ பெயருக்குப் பதிலாக நிறுத்தினால் பெரிய எழுத்து. சோதித்துப் பார்க்க ஒரு வழி: அந்த இடத்தில் அவருடைய சொந்தப் பெயரை வைத்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் பெரிய எழுத்து. மை என்பதற்குப் பின்னால் சொந்தப் பெயர் நிற்காது, பாருங்கள். அங்கிள், ஆன்ட்டி, டாக்டர் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை வேலை செய்யும்.

நோய்ப் பெயர்களிலும் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மலேரியா, கேன்சர், டயபடிஸ் எல்லாம் சின்ன எழுத்து. பார்க்கின்சன்ஸ் டிசீஸ் என்பதில் பி மட்டும் பெரிது, அது ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவரின் பெயர். டிசீஸுக்குச் சின்ன டி போதும்.

கடைசியாக "நான்" என்று பொருள்படும் ஐ. அது வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து; மீ, மை, வீ எதற்கும் அந்தச் சலுகை இல்லை. ஆங்கிலேயர்கள் தங்களை உயர்த்திக்கொண்டார்கள் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் அது இரண்டெழுத்துச் சொல். பின்னெழுத்து உதிர்ந்து ஒற்றை எழுத்தாக மிஞ்சியது. கையெழுத்துப் பிரதியில் ஒரு சின்னக் கோடு தனியாக நின்றால் கண்ணில் படாது, பக்கத்துச் சொல்லோடு கலந்துவிடும். அதனால் அதை நீட்டி எழுதினார்கள் என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

அளவுகோல்:
இலக்கணத்தைவிட இன்னும் கறாரான ஒரு இடம் இருக்கிறது, அளவீட்டுக் குறிகள். இங்கே மரபு, நடை என்ற பேச்சே கிடையாது.

மெகாவாட்டின் குறியில் முதல் எம் பெரிது. மில்லிவாட்டின் குறியில் எம் சிறிது. டபிள்யூ இரண்டிலும் பெரிது. ஆக, ஒரே ஒரு எழுத்தின் உயரத்தில் இருக்கும் வித்தியாசம் 100 கோடி மடங்கு. லேசர் சுட்டியின் திறனை மில்லிவாட்டிலும் மின்நிலையத்தின் திறனை மெகாவாட்டிலும் சொல்வார்கள். நெய்தல், உங்கள் அறிக்கைகளில் எண்கள் வந்தால் இதைத்தான் முதலில் தேடுங்கள். இணைய வேகத்திலும் இப்படி ஒன்று உண்டு: பெரிய பி என்றால் பைட், சின்ன பி என்றால் பிட், எட்டு மடங்கு வேறுபாடு.

கிலோவுக்கு எப்போதும் சின்ன கே. பெரிய கே கெல்வின் என்ற வெப்பநிலை அலகுக்குச் சொந்தம். கிலோகிராமைக் குறிக்க கே, ஜி இரண்டையும் பெரிதாகப் போடுவதை எங்கும் பார்க்கலாம், அது பிழை.

அறிஞர்கள் பெயரால் வந்த அலகுகளில் ஒரு விசித்திரம். நியூட்டன், வாட், ஆம்பியர், பாஸ்கல் என்று முழுச் சொல்லாக எழுதினால் சின்ன எழுத்து. குறியாக எழுதினால் பெரிய எழுத்து. ஐசக் நியூட்டன் என்ற ஆளுக்குப் பெரிய என், அவர் பெயரிலுள்ள அலகுக்குச் சின்ன என். விதிவிலக்கு செல்சியஸ். அங்கே அலகின் பெயர் டிகிரியில் தொடங்குகிறது, அதற்குத்தான் சின்ன டி. பின்னால் வரும் சி பெரிது. லிட்டர் யார் பெயரும் இல்லை, ஆனாலும் சின்ன எல் பார்க்க ஒன்று என்ற எண் மாதிரி இருப்பதால், 1979-ல் பெரிய எல் எழுத்தையும் பயன்படுத்தலாம் என்று சர்வதேச அளவீட்டு மாநாடு ஏற்றுக்கொண்டது.

வேதியியலிலும் கவனம் தேவை. சி பெரிது, ஓ சிறிது என்றால் கோபால்ட் என்ற உலோகம். இரண்டும் பெரிது என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு. ஆனால் ஆக்சிஜன், கோபால்ட் என்று தனிமத்தின் பெயரை முழுச் சொல்லாக எழுதும்போது சின்ன எழுத்துதான்.

வகுப்பறை:
அளவுகோல் சொன்னதோடு உயிரியலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஹோமோ சேபியன்ஸ் என்பதில் பேரினப் பெயரான ஹோமோவுக்குப் பெரிய எச், இனப் பெயரான சேபியன்ஸுக்குச் சின்ன எஸ். இனப் பெயர் ஒரு ஊரின் பெயரிலிருந்து வந்திருந்தாலும் சின்ன எழுத்துதான்.

நிரல்:
கணினிக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இரண்டு வேறு குறிகள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ-யின் எண் 65, சின்ன ஏ-யின் எண் 97, எல்லா எழுத்துக்கும் இடைவெளி 32. 1963-ல் வந்த முதல் பதிப்பில் சின்ன எழுத்துகளே இல்லை, 1967-ல்தான் சேர்த்தார்கள். இணைய முகவரியில் தளத்தின் பெயரை எப்படி எழுதினாலும் ஒன்றுதான், சாய்கோட்டுக்குப் பிறகு வரும் பகுதியில் பல சேவையகங்களுக்கு வித்தியாசம் உண்டு. அறிக்கையில் இணைப்பு கொடுத்தால் அதைத் "திருத்த" வேண்டாம், அப்படியே ஒட்டுங்கள்.

நெய்தல்:
மில்லிவாட், மெகாவாட் விஷயத்தை இன்றைக்கே தேடிப் பார்க்கிறேன். அடுத்த கேள்வி தலைப்புகள். சிலர் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து போடுகிறார்கள். சிலர் சின்னச் சொற்களை விட்டுவிடுகிறார்கள். எது சரி?

மெய்ப்பு:
இரண்டு முறை இருக்கிறது. ஒன்று வாக்கியம் போல எழுதுவது: முதல் சொல்லுக்கும் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து. இன்னொன்று தலைப்பு முறை: முக்கியச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து, ஏ, ஆன், த, ஆண்ட், ஆஃப் மாதிரியானவை சின்ன எழுத்து.

இரண்டாவது முறையில்தான் சண்டை. வித், ஃப்ரம் போன்ற முன்னிடைச் சொற்களை என்ன செய்வது? நான்கெழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் பெரிய எழுத்து என்கிறது அசோசியேட்டட் பிரஸ். சிகாகோ நீண்ட காலமாக எத்தனை எழுத்தானாலும் சிறிது என்றது. 2024-ல் வந்த 18-ஆம் பதிப்பில் ஐந்தெழுத்து முதல் பெரிது என்று மாற்றிக்கொண்டது. அதாவது வித் என்ற ஒரே சொல் ஓரிடத்தில் பெரிது, ஓரிடத்தில் சிறிது.

எல்லா முறைக்கும் பொதுவான ஒன்றைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இஸ், ஆர், பீ எல்லாம் வினைச்சொற்கள். இரண்டெழுத்து, மூன்றெழுத்துதான் என்றாலும் தலைப்பு முறையில் அவற்றுக்குப் பெரிய எழுத்து கட்டாயம். இட், மை மாதிரியான பிரதிப்பெயர்களுக்கும் அப்படியே. நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது என்ன வகைச் சொல் என்று பாருங்கள்.

ஏழெட்டுப் பேர் எழுதும் ஆவணத்துக்கு நான் வாக்கிய முறையைத்தான் சொல்வேன். தப்பு நேர வாய்ப்பு குறைவு, படிக்கவும் சுகம்.

வழிப்போக்கன்:
அப்படியானால் முக்கியமான எச்சரிக்கையை எப்படித்தான் எடுத்துக்காட்டுவது? முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால்தானே கவனிப்பார்கள்?

மெய்ப்பு:
ஓரிரு சொல் என்றால் கவனிப்பார்கள். ஒரு பத்தி முழுக்க என்றால் தாண்டிப் போவார்கள். சின்ன எழுத்துகளில் சில மேலே நீளும், சில கீழே இறங்கும், கண் அந்த மேடுபள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போகும். எல்லாம் பெரிய எழுத்தானால் ஒரே உயரச் சுவர். மின்னஞ்சலில் அப்படி எழுதினால் கத்துவதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பிரிட்டனில் 1958-ல் முதல் மோட்டார் நெடுஞ்சாலைப் பகுதி திறந்தபோது, ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப் பெயர்களைப் பெரிய, சின்ன எழுத்து கலந்தே அமைத்தார்கள். வேகமாக வண்டி ஓட்டுபவர் படிக்க வேண்டியவை அவை. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை இன்னொரு உதாரணம். தந்தி அச்சு இயந்திரத்தில் பெரிய எழுத்து மட்டுமே இருந்த காலத்தின் பழக்கம் அங்கே 2016 வரை நீடித்தது. அந்த வருஷம் மே மாதம் சாதாரண எழுத்துக்கு மாறினார்கள். முழுப் பெரிய எழுத்தை உண்மையான ஆபத்து எச்சரிக்கையில் அழுத்திச் சொல்லும் இடத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் அதில் இருக்கிறது: அரிதாக வந்தால்தான் அதற்கு மதிப்பு. மற்ற இடங்களில் தடித்த எழுத்து போதும்.

வழிப்போக்கன்:
சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய ஆங்கில ஆவணங்களில் நடுவாக்கியத்தில் சகட்டுமேனிக்குப் பெரிய எழுத்து இருக்கிறதே? அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப் படியைப் படம் போட்டிருந்தார்கள், பார்த்தேன்.

வகுப்பறை:
1787-ல் எழுதியது அது. அந்தக் காலத்தில் பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்து போடும் வழக்கம் ஆங்கிலத்திலும் பரவலாக இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான். டேனிஷ் மொழியிலும் அப்படி இருந்தது, 1948-ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து விட்டுவிட்டார்கள்.

விதிகள் நம் கண் முன்னாலேயே மாறுகின்றன. இன்டர்நெட் என்பதை ஒரு தனிப்பெயராகக் கருதிப் பெரிய ஐ போட்டு வந்தார்கள். 2016 ஜூனிலிருந்து அசோசியேட்டட் பிரஸ் சின்ன எழுத்துக்கு மாறியது. எதிர்த்திசையிலும் மாற்றம் உண்டு. கறுப்பின மக்களைக் குறிக்கும் பிளாக் என்ற சொல்லுக்கு அதே செய்தி நிறுவனம் 2020 ஜூனில் பெரிய பி-யை ஏற்றுக்கொண்டது. அது நிறத்தைச் சொல்லும் சொல் இல்லை, ஒரு மக்களின் பெயர் என்பதுதான் காரணம். மெய்ப்பு முதலில் கேட்கச் சொன்ன அதே கேள்வி. ஆனால் இந்த இடத்தில் மரியாதையும் அதற்குள் இருக்கிறது என்பேன். ஒரு மக்களின் பெயரைப் பெயராக எழுத மறுப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதுதான்.

மெய்ப்பு:
ஒப்புக்கொள்கிறேன். மரியாதைக்குச் சம்பந்தமே இல்லை என்ற தொனியில் முதலில் எழுதியிருந்தேன், மக்களின் பெயர்களுக்கு அது பொருந்தாது.

நெய்தல்:
இன்னும் இரண்டு சின்னச் சந்தேகம். ஐபோன், ஈபே மாதிரி சின்ன எழுத்தில் தொடங்கும் பெயர் வாக்கியத்தின் முதலில் வந்தால்? அப்புறம் நாசா மாதிரி சுருக்கப் பெயர்களுக்கு எல்லா எழுத்தும் பெரிதா?

மெய்ப்பு:
ஐபோனை அப்படியே விடலாம் என்கிறது சிகாகோ, இரண்டாவது எழுத்து எப்படியும் பெரிது என்பதால். முதல் எழுத்தையும் பெரிதாக்கு என்கிறது அசோசியேட்டட் பிரஸ். நான் வாக்கியத்தையே திருப்பிப் போட்டு அந்தப் பெயரை நடுவுக்குத் தள்ளிவிடுவேன்.

சுருக்கப் பெயர்களில் அமெரிக்க வழக்கம் எல்லாம் பெரிது. பிரிட்டனில் சில பத்திரிகைகள் ஒரு சொல்லாக உச்சரிப்பதற்கு முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும், நாசாவும் அதில் சேரும். தனித்தனி எழுத்தாகச் சொல்லும் பிபிசி முழுக்கப் பெரிது. ரேடார், லேசர் இரண்டும் சுருக்கங்களாகப் பிறந்து பொதுச்சொல்லாகிவிட்டவை, அவற்றுக்கு இப்போது பெரிய எழுத்தே வேண்டாம்.

ஒரு யோசனை. உங்கள் குழுவுக்கு அகரவரிசையில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்து ஒரு முடிவெடுத்தால் அந்தச் சொல்லை அதில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். புத்தகப் பதிப்பகங்களில் ஒவ்வொரு நூலுக்கும் இப்படி ஒரு பட்டியல் போடுவது வழக்கம்.

நெய்தல்:
பட்டியலைத் தொடங்கிவிட்டேன். மேனேஜர், டிபார்ட்மென்ட், டேட்டா, கஸ்டமர் எல்லாம் சின்ன எழுத்து. துறையின் முழுப் பெயரை எழுதினால் மட்டும் பெரிது. தலைப்புகள் வாக்கிய முறையில். கடிதத்தின் முடிவில் வரும் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லிக்கு என்ன எழுதட்டும்?

வகுப்பறை:
ஒய் மட்டும் பெரிது, எஃப் சிறிது. பெஸ்ட் ரிகார்ட்ஸிலும் பி மட்டும். தொடக்கத்தில் வரும் டியர் சார் என்பதில் இரண்டுக்கும் பெரிய எழுத்து, அங்கே சார் பெயரின் இடத்தில் நிற்கிறது.